பெரட்டுக்கு வரும் பேய்

நான் பேய்க்கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் சமவெளியிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த பங்களாவில்?" என்பதைத்தான். என்ன பேய் என்று யாரும் கேட்பதில்லை. அது அவர்களுக்கே தெரியும். தரையைக் கூட்டும் வெள்ளை கவுன், கையில் மெழுகுவத்தி, காதலன் கைவிட்ட ஒரு துரைசானி. மூடுபனி இறங்கும் மாலைகளில் மாடியில் பியானோ கேட்கும். உதகையிலும் குன்னூரிலும் நூறு வயது தாண்டிய கட்டடம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு துரைசானியை யாராவது ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இத்தனை பியானோக்கள் மலையேறி வந்திருக்குமானால், அவற்றைச் சுமந்துவந்த கூலிகளின் பேய்கள்தான் இங்கே முதலில் குடியேறியிருக்க வேண்டும்.

இதை ஒரு நண்பரிடம் சிரிப்புக்காகத்தான் சொன்னேன். சொல்லி ஐந்து ஆண்டாகிறது. இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை எடை போட்டதும், ஈரத்துக்குக் கழித்து, அவரவர் பெயருக்கு நேரே பதிய வேண்டும். நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை உள்ளே போனால்தான் ஒரு கிலோ தூள் வெளியே வரும். மாலையில் வந்து சேரும் இலையை இரவெல்லாம் காற்றடித்து வாட்டி, விடிவதற்குள் அரைக்கத் தொடங்குவார்கள். ஊர் தூங்கும் நேரத்தில் முழு உயிரோடு இருக்கும் கட்டடம் அது. அரைத்த இலை புளித்துச் செம்பு நிறத்துக்கு மாறும்போது அதிகாலை மூன்று மணிக்கு ஒரு வாசனை எழும். அதை விவரிக்க நான்கு புத்தகங்களில் முயன்று நான்கிலும் தோற்றிருக்கிறேன்.

அந்த நான்கையும் நானேதான் வெளியிட்டேன். இரவு உணவு முடிந்து பத்து மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை எழுதுவேன். குளிர் காலத்தில் விரல் விறைத்துப் போகும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் சூடான டம்ளரைப் பிடித்துப் பிடித்துத்தான் தட்டச்சு செய்ய முடியும். சன்னல் கண்ணாடியில் மேகம் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். பேய்க்கதை எழுத வேறு என்ன வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். உண்மையில் அந்தச் சூழல் ஒரு தொல்லை. கண்ணெதிரே அத்தனை மூடுபனி இருக்கும்போது கதையிலும் அதையே கொட்டத் தோன்றும். என் முதல் புத்தகத்தில் 'மூடுபனி' என்ற சொல்லை நானே ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். 94 முறை. இப்போது ஒரு கதைக்கு மூன்று முறைக்கு மேல் அனுமதிப்பதில்லை.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த இடம் மேட்டுப்பாளையம் பேருந்து நிலையம். மாத நாவல்கள் கம்பிக் கயிற்றில் துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்த காலம். அப்பா டீ குடிக்கும் நேரத்தில் ஒன்றை வாங்கிக் கொடுப்பார், பஸ் மலை ஏறும்போது நான் வாந்தி எடுக்காமல் இருப்பதற்காக. படித்தால் தலை சுற்றும் என்பதே பொதுவிதி. எனக்கு மட்டும் பேய்க்கதை படித்தால் சுற்றாது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஒருபக்கம் சாயும். புத்தகத்தில் யாரோ ஒருத்தி கிணற்றிலிருந்து எழுவாள். குன்னூரில் காது அடைத்துத் திறக்கும்போது கொலைகாரன் செத்திருப்பான். அந்த நாவல்களின் நடையைப் பற்றி இன்று பலர் முகம் சுளிக்கிறார்கள். பக்கத்தைத் திருப்ப வைப்பது எப்படி என்பதை நான் அங்கேதான் கற்றேன். நன்றி மறக்கக்கூடாது.

2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில் மின்னூல் கடை தமிழுக்கும் முறையாகத் திறந்தது. என் முதல் நாவல் அப்போது பாதி முடிந்திருந்தது. மறு ஆண்டு அதில் ஏற்றினேன். குன்னூர் பங்களா, துரைசானி, பியானோ, எல்லாம் உண்டு. தரையைக் கூட்டும் கவுனும் உண்டு. மறைத்து என்ன பயன்? அது ஓடியது. இன்றும் ஓடுகிறது. என் மற்ற மூன்றுக்கும் அச்சுக்கூலி அந்தத் துரைசானி சம்பாதித்துக் கொடுத்ததுதான்.

சந்தா கட்டிப் படிப்பவர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்களோ அத்தனை பக்கத்துக்குப் பணம் என்பது மின்னூலில் ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு நாளும் எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று ஒரு வரைபடம் காட்டும். யார், எந்த ஊர், எங்கே நிறுத்தினார் என்று காட்டாது. வெறும் எண். அதைப் பார்ப்பது ஒரு கெட்ட பழக்கம், பல் வலிக்கும் இடத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பதைப்போல. ஒருநாள் 61 பக்கம் என்றிருந்தது. ஒரே ஆள் 61 பக்கம் படித்துவிட்டுப் பயத்தில் மூடிவைத்திருக்கிறார் என்று அன்று முழுவதும் மகிழ்ந்திருந்தேன். மறுநாள் பூஜ்யம். அதற்கு மறுநாளும் பூஜ்யம். பயத்தில் மூடியவர் திரும்பி வந்திருப்பார். சலிப்பில் மூடியவர்தான் வரமாட்டார் என்று என் மனைவி விளக்கினாள்.

அச்சுப் புத்தகத்தின் கதை வேறு. இரண்டாவது நாவலை 300 பிரதி அடித்தேன். அட்டை வடிவமைத்த தம்பி, நான் எத்தனை சொல்லியும், விரித்த கூந்தலும் வழியும் இரத்தமுமாக ஒரு பெண்ணை வரைந்து அனுப்பினார். கதையில் பெண்ணே கிடையாது. செத்தவர் ஒரு லாரி ஓட்டுநர். மூன்று முறை மாற்றி, கடைசியில் ஒரு வெறும் லாரி முகப்பு விளக்கோடு சமாதானமானோம். அச்சகத்தில் ஒரு ஃபாரம் மாறிக் கட்டியதில் 16 பக்கங்கள் சில பிரதிகளில் இரண்டு முறை வந்துவிட்டன. ஓட்டுநர் அதே வளைவில் அதே வார்த்தைகளோடு மறுபடி சாவார். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிரதி கிடைத்த ஒருவர் நீண்ட கடிதம் எழுதினார்: சாவு திரும்பத் திரும்ப நிகழ்கிறது என்பதை இத்தனை துணிச்சலான உத்தியில் சொன்னவர் தமிழில் இல்லை என்று. நான் மறுக்கவில்லை.

பியானோ சுமந்தவர்களுக்கு வருகிறேன்.

உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டவை. பின்னால் ஏறிப்போனால் கல்லறைகள். உதகையை உருவாக்கிய ஜான் சலிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் உறங்குகிறார்கள். கல்லில் பெயர், தேதி, வயது, ஒரு வசனம். பாசி படிந்தாலும் விரலால் தடவிப் படித்துவிடலாம். பேய்க்கதை எழுதுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பெயர் கிடைத்துவிட்டது, வயது கிடைத்துவிட்டது; சாவுக்கான காரணத்தை நாமே வைத்துக்கொள்ளலாம்.

அந்த உத்திரங்களை மலைமேல் ஏற்றியவர்களில் எவர் பெயரும் எங்கும் இல்லை. மலை ரயில் 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் வந்தது. 208 வளைவு, 16 குகை. குகைக்குள் ரயில் நுழையும்போது பெட்டியில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலாகக் கத்துவார்கள், நானும் கத்தியிருக்கிறேன். அந்தப் பாறைக்கு வெடி வைத்தவர் யார்? நடுவட்டத்தில் ஒரு பழைய சிறை இருக்கிறது. மலேரியாவுக்கு மருந்தான சிங்கோனா மரங்களை வளர்க்க 1860களில் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். அவர்களை அடைத்துவைத்த இடம் அது. கடல் கடந்து, பாஷை தெரியாத ஒரு குளிர் மலையில் மரப்பட்டை உரித்துச் செத்தவனைவிடப் பேயாவதற்குத் தகுதி உள்ளவன் யார்? ஆனால் நடுவட்டத்துச் சீனப் பேயைப் பற்றி ஒரு சுற்றுலாப் பயணியும் என்னிடம் கேட்டதில்லை. இந்த மலையில் பேயாவதற்கும் பங்களா வேண்டியிருக்கிறது.

என் குடும்பம் லைன் வீட்டுக் குடும்பம், தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒட்டுவீடுகளில் வாழ்ந்தது. அப்பாயி, அப்பாவின் அம்மா, கண்டிச் சீமையில், இலங்கையின் தேயிலை மலையில் பிறந்தவள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், அவள் பார்த்தே இராத இந்தியாவுக்குத் 'திரும்பி' வரவேண்டியவர்கள் பட்டியலில் அவள் பெயரும் ஏறியது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியிருந்தது. ஒரு தகரப் பெட்டி, இரண்டு கம்பளி, ஒரு அம்மிக்குழவி. அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் ஏன் தூக்கிவந்தாள் என்று கடைசிவரை யாருக்கும் புரியவில்லை. அதோடு சில பேய்களையும் கொண்டுவந்தாள். அவற்றுக்குக் கடவுச்சீட்டு கேட்கவில்லை.

அவள் சொன்ன கதைகளில் ஒன்றைத்தான் நான் இப்போது நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிட்டால் விற்பனை கெடும் என்பார்கள். கெடட்டும்.

விடிவதற்கு முன் பெரட்டு, வேலைக்குப் போகும்முன் ஆள் கணக்கெடுப்பது. தப்படித்து ஆட்களைக் கூட்டுவார்கள். கொட்டும் பனியில் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டு வரிசையில் நிற்பார்கள். ஆட்களைச் சேர்த்து மேய்க்கும் கங்காணி முதலில் தலையை எண்ணுவார், பிறகு பெயர் படிப்பார். எண்ணினால் 43. பெயர் படித்தால் 42. வலமிருந்து எண்ணினாலும் 43தான். வரிசையின் கடைசியில் நிற்கும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டிருக்கிறேன். ஒன்றும் ஆகாது என்றாள் அப்பாயி. அவள் யாரையும் ஒன்றும் செய்யமாட்டாள், அவள் வேலைக்கு வந்தவள்.

அது யார் என்றும் சொன்னாள். அவளுடைய அப்பாயி காலத்துக் கதை. இராமேசுவரத்துப் பக்கத்திலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கியவர்கள் காடு வழியே கண்டிக்கு நடந்தே போனார்கள். வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களைப் போட்டுவிட்டுப் போவார்கள். நின்றால் எல்லாரும் சாக வேண்டும். அப்படி விழுந்தவள் ஒருத்தி. ஆனால் புறப்படும் முன்பே கங்காணியிடம் முன்பணம் வாங்கியிருந்தாள். அந்தக் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று உண்டு. கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடன் எவ்வளவு என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் எடுக்கமாட்டார்கள். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டித்தான் எடுக்கும். 1921இல் அந்த முறையை ஒழித்தார்கள். ஒழித்தது இவளுக்கு யாரும் சொல்லவில்லைபோலிருக்கிறது. கடன் தீராமல் போகக்கூடாது என்று செத்த பிறகும் நடந்துவந்து பெரட்டில் நிற்கிறாள்.

இதைக் கேட்டபோது எனக்கு எட்டு வயது. பயமே வரவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, நகமில்லை, பல்லில்லை. முப்பது வயதில், தொழிற்சாலையில் ஒரு மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டும்போது ஓர் எண் இடித்தது. மூன்று முறை கூட்டினேன். நான்தான் ஒரு வரியை இரண்டு முறை எடுத்திருந்தேன். ஆனால் அது தெரிவதற்கு முன் முதுகில் ஒன்று ஊர்ந்ததே, அதை எந்தத் துரைசானியும் எனக்குச் செய்ததில்லை.

பழைய பாட்டுகளில் போய்ப் பார்த்தால் நம் பேய்கள் அப்பாயி சொன்ன மாதிரிதான் இருக்கின்றன. கலிங்கத்துப்பரணியில் 'பேய் முறைப்பாடு' என்று ஒரு பகுதியே உண்டு. பேய்கள் காளியிடம் போய்ப் பசி தாங்க முடியவில்லை என்று முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்தில் கூழ் காய்ச்சிப் பங்குபோட்டுக் குடிக்கின்றன. படித்தால் பயத்தைவிடச் சிரிப்புத்தான் அதிகம் வரும். பசி, பங்கு, முறையீடு. எட்டு நூறு ஆண்டுக்கு மேலாகியும் லைன் வீட்டில் இதை ஒருவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நான் தவறே செய்யாதவன் என்ற எண்ணம் வேண்டாம். மூன்றாவது புத்தகத்தில், கீழ்ச்சரிவுக் காட்டிலிருந்து வரும், குறும்பர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு மந்திரவாதியை வைத்தேன். செய்வினை, மயிர்ச்சுருள், எலும்பு, நடுநிசி. எளிதாக எழுத முடிந்தது. அப்படி எளிதாக வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு சந்தையில் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தபோது ஒரு கல்லூரி மாணவர் வந்து பக்கத்தைத் திறந்து காட்டினார். குறும்பர் வீட்டுப் பிள்ளை. "எங்கள் தாத்தாவுக்குத் தேன் எடுக்கத் தெரியும், அண்ணா. இதெல்லாம் தெரியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே மலையில், சூனியம் வைத்தார்கள் என்று பழிசுமத்திக் குறும்பர்களைக் கூட்டமாக வெட்டிக் கொன்ற சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். கதை என்று எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் அந்தக் கதையை நம்பித்தான் அன்று ஆள் கொன்றிருக்கிறார்கள். மின்னூலை இறக்கிவிட்டு அந்த அத்தியாயங்களை மாற்றி எழுதி மறுபடி ஏற்றினேன். பதிப்பகம் இல்லாததில் இது ஒரு வசதி. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விற்றுப்போன அச்சுப் பிரதிகளை என்ன செய்வது?

பேயை நம்புகிறாயா என்று கேட்பவர்களுக்கு, நம்பவில்லை என்பதே என் பதில். காடு சூழ்ந்த ஊரில் இருப்பவனுக்கு நம்பத் தேவையும் இல்லை. விடியற்காலையில் ஓடையருகே யாரோ ஒருவன் ராகம் தெரியாமல் சீட்டியடித்துக்கொண்டு போவான். போய்ப் பார்த்தால் ஆளிருக்காது. சீகாரப் பூங்குருவி. கேளையாடு இரவில் குரைத்தால் நாய் என்றுதான் நினைப்போம், எந்த நாயும் அத்தனை அச்சத்தோடு குரைக்காது என்று தோன்றும்வரை. மேகத்துக்குள் நின்று காட்டெருமை மூச்சுவிடுவதை ஐந்தடி தூரத்தில் கேட்டவன் அதற்குமேல் எந்தச் சத்தத்துக்கும் உரிச்சொல் தேடமாட்டான்.

ஒரு கார்த்திகை மாதம், மின்சாரம் போன இரவு இரண்டு மணிக்கு லைனுக்கு மேலே இருக்கும் மாரியம்மன் கோயில் மணி அடித்தது. ஒரு அடி. நிறுத்தி, இன்னொரு அடி. வரிசையாக எல்லா வீட்டிலும் விழிப்பு வந்துவிட்டது. அது சுவருக்கு அப்பால் கேட்கும் இருமலிலேயே தெரிந்தது. ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. நான் அப்போது எழுதிக்கொண்டிருந்தது ஒரு கோயில் காட்சி. கை நடுங்கியது, மனம் குதித்தது. இரண்டும் ஒரே நேரத்தில். இதற்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று தோன்றியது. காலையில் போய்ப் பார்த்தால் விளக்கெண்ணெய்த் தகரம் கவிழ்ந்து காலியாகக் கிடந்தது. படியெல்லாம் எண்ணெய்க் கால்தடம். கரடி. எண்ணெய்க்கு வந்தது போகிற போக்கில் மணிக்கயிற்றை இழுத்திருக்கிறது. கதையில் மட்டும் நான் கரடியை வரவிடவில்லை.

சென்ற ஆண்டு ஒரு விடுதிக்காரர் கூப்பிட்டார். பழைய பங்களாவை வாங்கிப் புதுப்பித்திருக்கிறார். விருந்தினர் அறையில் வைக்க, அந்தக் கட்டடத்துக்கென்று நான்கு பக்கத்தில் ஒரு பேய்க்கதை வேண்டும். ஆள் இங்கிலாந்துப் பெண்ணாக இருந்தால் நல்லது. பணம் கணிசமானது. வீட்டைச் சுற்றிக் காட்டினார். பின்கட்டில் சமையல்காரருக்கும் ஆயாவுக்குமான அறைகள் இருந்தன. தலை தட்டும் உயரம், ஒரு சாளரம். இங்கே இருந்தவர்களைப் பற்றி எழுதட்டுமா என்றேன். அவர் சிரித்தார். இப்போது அதில் துணி துவைக்கும் எந்திரம் இருக்கிறது என்றார். துரைசானியைத்தான் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பியானோ மட்டும் வைக்கவில்லை.

என் முதல் வாசகர் மனைவிதான். கல்யாணத்துக்கு முன் ஆறு ஆண்டு கொழுந்து பறித்தவள், இப்போது தையல். இலக்கியம் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். நான் இரவில் படித்துக் காட்டுவேன், அவள் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்பாள். படித்து முடித்ததும் அவள் எழுந்துபோய்ச் சமையலறைப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டால் அத்தியாயம் தேறிவிட்டது. உட்கார்ந்தே இருந்தால் மறுபடி எழுத வேண்டும். துரைசானி நாவலுக்கு அவள் ஒருமுறைகூட எழுந்ததில்லை. பல்லாயிரம் பக்கம் ஓடிய புத்தகம் அது.

போன வாரம் பெரட்டு அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். 43, 42, கடைசியில் நிற்கும் பெண், மலையேறும் வரிசை, அவளும் கூடையை மாட்டிக்கொண்டு ஏறுவது. படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. ஊசியை நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அவள் பறித்த கொழுந்தை யார் பெயரில் எழுதினார்கள்?" என்றாள்.

பதினேழு ஆண்டாக எடைப் புத்தகம் எழுதுகிறவன் நான். அவளை வரிசையில் நிறுத்தினேன், மலையேற்றினேன், நாள் முழுக்கப் பறிக்கவைத்தேன். சாயங்காலம் அவள் கூடையோடு தராசுக்கு முன்னால் வந்து நின்றிருப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எதிரே நாற்காலியில், பேனாவோடு ஒருவன் உட்கார்ந்திருந்திருப்பான்.

மடிக்கணினியை மறுபடி திறந்தேன். அவள் எழுந்து போய்ப் பின்கதவைத் தாழிட்டுவிட்டு வந்து படுத்தாள்.